நூறு பேரைக் கேட்ட பிறகு முடிவெடு: முனைவர் பட்ட மாணவர்களுக்கு வணிகம் கற்பிக்கும் ஐ-கோர் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் ‘இன்னொவேஷன் கோர்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. சுருக்கமாக ஐ-கோர். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் கூடிய முதல் தொகுதியில் 21 குழுக்கள் இருந்தன. தொழில்முனைவோராக இருந்து ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க் அதே ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு நடத்திய ‘லீன் லாஞ்ச்பேட்’ வகுப்புதான் பாடத்திட்டத்தின் மூலம். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு கட்டுரையோடு நின்றுவிடாமல் பயன்பாட்டுக்குப் போக வேண்டும் என்பது அறக்கட்டளையின் நோக்கம். 2017 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று திட்டத்துக்கு நிலையான அங்கீகாரம் தந்தது. 2021இல் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இயங்கும் ஐந்து வட்டார மையங்கள் அமைந்தன.

நிறுவனம் தொடங்க வைப்பதற்கான திட்டமாகவே இதைப் பலரும் பார்க்கிறார்கள். இந்த ஆய்வு அதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. ஒவ்வொரு குழுவிலும் ‘தொழில்முனைவுத் தலைவர்’ என்ற பொறுப்பு பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட மாணவருக்கோ, பட்டம் முடித்த இளம் ஆய்வாளருக்கோ போகிறது. அவர் பிற்பாடு நிறுவனம் தொடங்காமலே போகலாம். ஆனாலும் ஏழு வாரத்தில் அவர் கற்றுக்கொள்வது எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும். முனைவர் பட்டத்தின் போது வணிகம் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களும், நடைமுறையில் எங்கெல்லாம் சறுக்குகிறது என்பதும் கீழே.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அறிவியலில் முனைவர் பட்டம் பெறும் நூறு பேரில் 53 பேர் உடனே அறிவியலுக்கு வெளியே போகிறார்கள். நிரந்தர ஆய்வுப் பணியை அடைவோர் 3.5 விழுக்காடு, பேராசிரியர் ஆவோர் 0.45 விழுக்காடு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் ‘பெஸ்ட்’ என்ற பெயரில் 17 கல்வி நிறுவனங்களுக்கு நிதி கொடுத்து, கல்வித்துறைக்கு வெளியே உள்ள பணிகளுக்கு ஆய்வு மாணவர்களைத் தயார்செய்யச் சொன்னதும் இதே நிலைமையால்தான். ஆய்வு மாணவருக்குப் பேராசிரியர் வேலைதான் இயல்பான முடிவு என்று வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பது பெரும்பான்மையினரைக் கைவிடுவதாகும்.

குழுவும் காலமும்

ஒரு குழுவுக்கு மூன்று பேர். மேலே சொன்ன தொழில்முனைவுத் தலைவர் ஒருவர். ஆய்வை உருவாக்கிய பேராசிரியரோ, தொழில்நுட்பத்தை முழுதாக அறிந்த இன்னொருவரோ தொழில்நுட்பத் தலைவர். அந்தத் தொழிலில் பழுத்த அனுபவம் உள்ள வெளியாள் வழிகாட்டி. மானியம் 50,000 டாலர். அதில் பெரும்பகுதி பயணத்துக்கும் நேர்காணலுக்கும்தான். ஆய்வகச் செலவுக்கு அல்ல.

தொடக்கத்தில் மூன்று நாள் கூடல். பிறகு வாரம் ஒரு வகுப்பு. முடிவில் இரண்டு நாள் கூடல். மொத்தம் ஏழு வாரம். அதற்குள் குறைந்தது 100 பேரிடம் நேர்காணல் முடித்திருக்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் 15 பேர் என்றால், மாணவரின் வாரத்தில் 15 முதல் 20 மணி நேரம் இதற்கே போய்விடும். எந்த ஆய்வுத்துறையும் இந்த நேரத்தைத் தானாக விட்டுத்தராது. ஆகவே சேர்வதற்கு முன்பே நெறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது அவசியம். “வார இறுதியில் பார்த்துக்கொள்வான்” என்று நெறியாளர் நினைத்துக்கொண்டிருந்தால் மூன்றாவது வாரத்தில் மோதல் வரும். வாடிக்கையாளர் வேலைநாளில்தான் பேசுவார்.

பாடத்தின் முதுகெலும்பு அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் வகுத்த, ஒரு வணிகத்தை ஒரே பக்கத்தில் காட்டும் ஒன்பது கட்டப் பலகை (பிசினஸ் மாடல் கேன்வாஸ்). யாருக்கு விற்கிறோம், அவர்களுக்கு என்ன பயன், எந்த வழியில் போய்ச் சேரும், உறவை எப்படித் தக்கவைப்பது, வருமானம் எங்கிருந்து, என்ன வளம் வேண்டும், என்னென்ன வேலை செய்ய வேண்டும், யாருடைய கூட்டு வேண்டும், செலவு என்ன. ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்படுவது ஓர் ஊகம் மட்டுமே. அதை வெளியே போய்ச் சோதித்து, வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் இடையிலேயே நிறுத்திக் கேட்பார்கள்: “இது நீங்கள் கேட்டதா, நினைத்ததா?” முதல் வாரம் பலருக்குக் கசக்கும். ஆனால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) பழகிய மாணவர் இரண்டாம் வாரத்திலேயே இந்தக் கேள்வியின் நியாயத்தைப் புரிந்துகொள்கிறார்.

இந்த வடிவம் ஆய்வு மாணவருக்குப் பொருந்துவதன் காரணமும் அதுதான். ஊகம், சோதனை, பதிவு, திருத்தம் ஆகிய நான்கும் அவர் தினமும் செய்கிற வேலை. மேலாண்மைப் பள்ளியின் சந்தைப்படுத்தல் பாடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அது வெறும் சொற்களாக நிற்கும். ஊகத்தைச் சோதிக்கச் சொன்னால் வேலை உடனே புரிந்துவிடும். மாற வேண்டியது சோதனைக்கூடம் ஒன்றுதான். அது இப்போது ஒரு தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறை.

ஒரு சென்சாரை வைத்துப் பார்ப்போம்

கற்பித்தலை நெருங்கிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. குழுவும் டாலர் கணக்குகளும் வகுப்பறைப் பயிற்சிக்காக அமைத்தவை. தொழிலின் நிலைமைகள் உண்மையானவை.

ஒரு வேதிப்பொறியியல் மாணவி கழிவுநீரில் அம்மோனியத்தை இடைவிடாமல் அளக்கும் புதிய சென்சாரைச் செய்திருக்கிறார். இப்போது பயன்பாட்டில் இருக்கும் அயனி மின்முனைகளில் மூன்று தொல்லைகள். எண் மெல்ல மெல்ல விலகும், பொட்டாசியம் இருந்தால் குழம்பும், மேலே நுண்ணுயிர்ப் படலம் படியும். அவருடைய சென்சார் முதல் இரண்டையும் நன்றாகச் சமாளிக்கிறது. கட்டுரை வந்தாயிற்று, காப்புரிமை விண்ணப்பமும் போயாயிற்று.

பலகையில் அவர் எழுதும் முதல் ஊகம் இப்படி இருக்கும்: “சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் துல்லியமான அளவு வேண்டும். ஆகவே வாங்குவார்கள்.” இதில் சோதிக்க எதுவுமே இல்லை. ‘நிலையம்’ பணம் கொடுக்காது, ஓர் ஆள்தான் கொடுப்பார். ‘துல்லியம்’ என்பது ஆய்வகத்தின் சொல். ஆசிரியர்கள் இதைத் திருப்பிக் கொடுத்து, தோற்கக்கூடிய வாக்கியமாக எழுதிவரச் சொல்வார்கள். திருத்தியது இப்படி: “நாங்கள் எடுத்துக்கொடுக்காமலே, 10 ஆபரேட்டர்களில் 7 பேராவது அம்மோனியா மீட்டரின் அளவுத்திருத்தத்தைத் தங்கள் முதல் மூன்று தொல்லைகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.” ஏழுக்குக் குறைந்தால் ஊகம் விழுந்தது. எண்ணை நேர்காணலுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். பிறகு எழுதினால் நான்கு பேர் சொன்னதையும் வெற்றி என்று மனம் சொல்லிவிடும்.

அடுத்து யாரைப் பார்ப்பது. லீன் லாஞ்ச்பேட் வகுப்பில் வாடிக்கையாளர் என்ற ஒற்றைச் சொல்லைப் பல பாத்திரங்களாகப் பிரிக்கிறார்கள்: பயன்படுத்துபவர், பரிந்துரைப்பவர், செல்வாக்குள்ளவர், முடிவெடுப்பவர், பணம் ஒதுக்குபவர், தடுப்பவர். கழிவுநீர் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர் பயன்படுத்துபவர். நிலையத்தின் கண்காணிப்பாளர் முடிவெடுப்பவர். நகர மன்றமோ நீர் வாரியமோ பணம் ஒதுக்கும். எந்தக் கருவி டெண்டரில் இடம்பெற வேண்டும் என்று எழுதுவது பெரும்பாலும் ஆலோசனைப் பொறியாளர் நிறுவனம். கருவிப் பராமரிப்புப் பிரிவு தடுப்பவராக மாறலாம், ஏனென்றால் புதுக் கருவி என்றால் அவர்களுக்குப் புது வேலை. பத்து ஆபரேட்டர்களைப் பார்த்துவிட்டு ஒரு ஆலோசனைப் பொறியாளரைக்கூடப் பார்க்காத குழு, எண்ணிக்கை நூறானாலும் பாதியைத்தான் பார்த்திருக்கிறது.

கேள்விகள்

முதல் இருபது நேர்காணல்களில் ஏறக்குறைய எல்லாருமே விற்கப் போய்விடுகிறார்கள். சென்சாரை விளக்கிவிட்டு “இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் மரியாதைக்கு “நல்லா இருக்கு, வந்தா சொல்லுங்க” என்பார். அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு யாரும் காசு செலவழித்துப் பதில் சொல்வதில்லை.

கேட்க வேண்டியது நடந்து முடிந்ததைப் பற்றி:

“கடைசியா அம்மோனியா மீட்டர் தப்பான எண் காட்டினது எப்போ? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அன்னிக்கு என்ன செஞ்சீங்க?”

“இதை யார் சுத்தம் செய்யறாங்க? போன வாரம் எவ்வளவு நேரம் ஆச்சு?”

“கடைசியா ஒரு புதுக் கருவி வாங்கினீங்கல்ல, அதுக்கு முதல்ல யார் பேச்சை எடுத்தாங்க? யார் கையெழுத்து போட்டாங்க? எத்தனை மாசம் ஆச்சு?”

“இதைப் பத்தி நான் வேற யார்கிட்ட பேசணும்?”

கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடக்கூடாது. ஒரு நேர்காணலிலிருந்து அடுத்த இரண்டு கிடைப்பது அதனால்தான். முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராது. வரவழைக்க நான்கு வரி போதும்: யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள முயல்கிறோம், எதையும் விற்கவில்லை, 20 நிமிடம், இந்த மூன்று நேரங்களில் எது வசதி. இணைப்பாக ஆய்வுக்கட்டுரையை அனுப்பாதீர்கள். கருவிக் கண்காட்சிகள் இன்னொரு நல்ல வழி. அமெரிக்காவில் நீர்ச்சுற்றுச்சூழல் கூட்டமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் ‘வெஃப்டெக்’ கண்காட்சியில் மூன்று நாளில் பார்க்கக்கூடிய ஆட்களை ஊரில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் பார்க்க முடியாது.

இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் கேட்பார், மற்றவர் எழுதுவார். கேட்பவர் பேசும் நேரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பேராசிரியர் கூட வந்தால் பேசாமல் இருப்பது அவருக்கு மிகக் கடினம். ஆகவே அவரை எழுதுபவராக உட்கார வைப்பது நல்லது. குறிப்பை அன்றே முடிக்க வேண்டும். ஒரு பதிவுக்கு ஏழு வரி: யார் (என்ன பாத்திரம்), எந்த ஊகத்தைச் சோதிக்கப் போனோம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே (இரண்டு வாக்கியம்), அவர் சொன்ன எண்கள், எதிர்பாராதது, பலகையில் என்ன மாறுகிறது, அடுத்து யார். ‘அவர் ஆர்வம் காட்டினார்’ என்ற வாக்கியத்துக்கு அதில் இடமில்லை.

கேள்வித்தாள் அனுப்பி நூறு பதில் வாங்கிவிடலாமே என்று ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது கேட்பார்கள். கூடாது. என்ன கேட்க வேண்டும் என்பதே இன்னும் தெரியாத நிலையில் கேள்வித்தாள், ஏற்கெனவே நம்புவதைத்தான் திருப்பித் தரும். நண்பர்களும் அதே துறைப் பேராசிரியர்களும் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நேர்காணலில் விளக்கத் தேவையே இல்லை. பிரச்சினையைப் பற்றி மட்டும் பேசினால் காப்புரிமைக்கு ஆபத்தும் இல்லை. பொதுவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தப் பொது அவகாசம் கிடையாது. இரண்டாவது, இந்த நேர்காணல்களைப் பிற்பாடு ஆய்வுக்கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், தொடங்குமுன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவைக் கேட்டுவிட வேண்டும். முடிந்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது.

வெளியே போனால் என்ன தெரியவருகிறது

எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். இந்தத் துறையில் வெளியே போகும் ஒரு குழு விரைவில் மோதும் உண்மை இது: நிலையம் அரசுக்குக் காட்டும் இணக்க அறிக்கைக்கான அளவுகள், மாதிரி எடுத்து அங்கீகரிக்கப்பட்ட முறையில் ஆய்வகத்தில் சோதிப்பதிலிருந்தே வருகின்றன. தொட்டியில் தொங்கும் சென்சாரின் எண் அறிக்கைக்குப் போவதில்லை. அப்படியானால் ‘விதிமுறைக்குத் துல்லியம்’ என்ற வாதம் முதல் வாரத்திலேயே விழுகிறது. சென்சார் எதற்கு? காற்றூட்டலைக் கட்டுப்படுத்த. அம்மோனியம் குறைந்தால் தொட்டிக்குள் ஊதும் காற்றைக் குறைக்கலாம். இவ்வகை நிலையங்களின் மின்செலவில் மிகப் பெரிய பங்கு காற்றூட்டலுக்குத்தான் போகிறது.

அடுத்தது பராமரிப்பு. ஒரு மின்முனையைச் சுத்தம் செய்து அதன் அளவைத் திருத்த வாரத்துக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 104 மணி. மணிக்கு 45 டாலர் என்றால் 4,680 டாலர். புதிய சென்சாருக்கு மாதம் 1 மணி நேரம் போதும் என்றால் 540 டாலர். மிச்சம் 4,140. மாணவி இதை விலைக்கான நியாயமாக எழுதிவருவார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் கண்காணிப்பாளரிடம் இதைக் காட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார், ஏனென்றால் அந்த 92 மணி நேரம் மிச்சமானாலும் ஆபரேட்டரின் சம்பளம் குறையப் போவதில்லை. நகராட்சி பட்ஜெட்டில் மிச்சமான நேரம் பணமாவது ஓவர்டைம் குறையும்போதோ, காலி இடத்தை நிரப்பாமல் விடும்போதோ மட்டும்தான். மின்கட்டணம் அப்படியல்ல, அது மாதாமாதம் வெளியே போகும் பணம். காற்றூதிகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் கட்டும் நிலையத்தில் பத்து விழுக்காடு குறைந்தால் 30,000 டாலர் கையில் நிற்கும். ஆக, விலை பேச வேண்டிய ஆளும் மாறுகிறார், பேச வேண்டிய எண்ணும் மாறுகிறது.

ஒரு செலவு யாருடைய கணக்கில் விழுகிறது, மிச்சம் யாருடைய கணக்கில் சேர்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முனைவர் பட்ட மாணவருக்கு நாம் கற்பிக்க வேண்டிய வணிக அறிவின் மையம். நிதிநிலை அறிக்கை வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சந்தையின் அளவும் அப்படித்தான். அமெரிக்காவில் பொதுத்துறைக் கழிவுநீர் நிலையங்கள் சுமார் 16,000. முதல் வரைவில் எல்லா மாணவரும் 16,000ஐ ஒரு விலையால் பெருக்குவார்கள். அந்த நிலையங்களில் பெரும்பாலானவை நாளொன்றுக்கு 10 லட்சம் காலனுக்கும் குறைவாகச் சுத்திகரிப்பவை. சாதாரணக் குளங்களாகவே இருப்பவையும் பல. அங்கே கட்டுப்படுத்தக் காற்றூதியே இருக்காது. சரியான வழி கீழிருந்து எண்ணுவது. சுற்றுச்சூழல் முகமையின் உரிமத் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அதில் அளவு, சுத்திகரிப்பு முறை, அம்மோனியா வரம்பு ஆகியவற்றை வைத்து வடிகட்டி, மீதியை நிலையம் நிலையமாக எண்ண வேண்டும். பயிற்சிக்கு 600 நிலையங்கள் தேறியதாகக் கொள்வோம். நிலையத்துக்கு இரண்டு சென்சார், மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றம் என்றால் ஆண்டுக்கு 400. ஒன்று 5,000 டாலர் என்றால், சந்தை முழுவதும் கைக்கு வந்தாலும் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்.

இந்த எண் நிறைய சொல்கிறது. துணிகர முதலீட்டாளர் இதைத் தொடமாட்டார். ஏற்கெனவே அந்த நிலையங்களுக்குக் கருவி விற்கும் பெரிய உற்பத்தியாளருக்கோ இது நல்ல கூடுதல் சரக்கு. ஏழாவது வாரத்தில் ஒவ்வொரு குழுவும் ‘தொடர்வோம்’ அல்லது ‘நிறுத்துவோம்’ என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இங்கே நியாயமான முடிவு: தனி நிறுவனம் வேண்டாம், காப்புரிமையைப் பயன்படுத்த அந்த உற்பத்தியாளருக்கு உரிமம் கொடுக்கலாம். அப்படிச் சொல்லும் குழு தோற்றதாக ஆசிரியர்கள் கருதுவதில்லை. மூன்று ஆண்டு வாழ்க்கையை மிச்சம் பிடித்த குழு அது.

ஐ-கோர் கற்பிக்காதது

குறைகளையும் சொல்ல வேண்டும். பணப்புழக்கம், ஒப்பந்தம், ஆள் நிர்வாகம் ஆகியவை ஏழு வாரத்துக்குள் அடங்குவதில்லை. இவற்றில் பணப்புழக்கத்தை மட்டுமாவது தனியாக இரண்டு அமர்வில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். ஒரே ஒரு தாள் போதும்: மேலே மாதங்கள், கீழே வரவும் செலவும், கடைசி வரியில் கையிருப்பு.

மேற்படி சென்சாருக்கு 20 எண்ணத்துக்கு ஓர் ஆர்டர், மொத்தம் 1,00,000 டாலர். பாகங்களுக்கு ஒன்றுக்கு 1,800 வீதம் 36,000 டாலர் முதல் மாதமே கட்ட வேண்டும். இரண்டு பேர் சம்பளம் மாதம் 12,000. செய்து, அனுப்பி, பொருத்தி, பில் போட்டு, நகராட்சி பணம் கொடுப்பது ஆறாவது மாதம். ஐந்து மாதச் சம்பளம் 60,000 சேர்த்தால் செலவு 96,000. தாளில் 4,000 லாபம். ஆனால் முதல் டாலர் வருவதற்குள் 96,000 டாலர் கையைவிட்டுப் போயிருக்கும். பணம் ஒரு மாதம் தள்ளினால் லாபம் 8,000 நட்டமாக மாறும். அமெரிக்க நகரங்களின் நிதியாண்டு பெரும்பாலும் ஜனவரியிலோ ஜூலையிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பட்ஜெட்டில் ஏறாத கருவி அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இந்தத் தாளை ஒருமுறை தன் கையால் நிரப்பிய மாணவர் லாபத்தையும் ரொக்கத்தையும் பிறகு குழப்பிக்கொள்ளவே மாட்டார்.

கண்டுபிடிப்பே இல்லாத மாணவர் என்ன செய்வது என்பது அடுத்த இடைவெளி. கோட்பாட்டு இயற்பியலிலோ சூழலியலிலோ ஆய்வு செய்பவரிடம் விற்க எதுவும் இருக்காது. இதற்குப் பிரிட்டன் வேறு வழி கண்டது. 1995 முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் உயிரியல் ஆய்வுக்கான பி.பி.எஸ்.ஆர்.சி. மன்றமும் நடத்திவரும் ‘யெஸ்’ போட்டியில் நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு கற்பனை நிறுவனத்தை உருவாக்கி, மூன்று நாள் பட்டறையில் வழிகாட்டிகளோடு திட்டத்தைச் செதுக்கி, முதலீட்டாளர்களாக அமரும் நடுவர்கள் முன் வைக்கிறார்கள். பொருள் கற்பனை, சந்தை உண்மை. ஒவ்வொருவரும் நிதி, சந்தை, ஆய்வு என்று ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்வதால் யாரும் ஒதுங்கி உட்கார முடியாது. அதே மன்றம் தன் முனைவர் பயிற்சித் திட்டத்தில் ஆய்வுக்குத் தொடர்பில்லாத இடத்தில் மூன்று மாத வேலைப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. மூன்று நாளில் நேர்காணல் பழக்கம் வராது என்பது உண்மைதான். ஆனால் வணிகத்தின் மேல் உள்ள பயம் போய்விடும்.

அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்களுக்கு விசா தனிச் சிக்கல். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஐ-கோர் நேர்காணல்களுக்குப் போவதிலோ பாடம் படிப்பதிலோ சிரமமில்லை. அதிலிருந்து பிறக்கும் நிறுவனத்தில் வேலை செய்ய வேலை அனுமதி வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய 12 மாதப் பயிற்சிக் காலமும், அறிவியல், பொறியியல் பட்டங்களுக்கான 24 மாத நீட்டிப்பும் உண்டு. நீட்டிப்புக்கு நிறுவனம் உண்மையான முதலாளி–ஊழியர் உறவைக் காட்ட வேண்டும். நிறுவனரே தனக்கு முதலாளி என்றால் அங்கே சிக்கும். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தை முதல் வாரமே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கெல்லாம் உதவுகிறது

நிறுவனம் தொடங்காத பெரும்பான்மைக்கு இது என்ன தருகிறது? தொழிற்சாலையில் பொருள் மேலாளராகச் சேர்பவரின் அன்றாட வேலையே வாடிக்கையாளரைக் கேட்டு, எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வரும் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் ‘யாருக்கு, எவ்வளவுக்கு’ என்று கேட்டே தரம் பிரிக்கிறார். ஆலோசனை நிறுவனத்தில் நிபுணர்களைத் தொலைபேசியில் பிடித்து அரைமணியில் விஷயத்தை வாங்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். அரசுத் துறையில் கொள்கை வரைபவரும் ஒரு விதி யாருடைய தலையில் செலவை ஏற்றுகிறது என்று பார்க்கக் கற்றிருக்க வேண்டும். பேராசிரியராகவே இருந்துவிடுபவருக்கும் பயன் உண்டு: மானிய விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ பகுதியை வெறும் சொற்களால் நிரப்பாமல், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று எழுத முடியும்.

தற்குறிப்பில் இதை எழுதும் விதத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். “ஐ-கோர் பயிற்சி பெற்றேன்” என்பது எதையும் சொல்லாது. “கழிவுநீர்த் துறையில் 100 நேர்காணல்கள் நடத்தி, முதல் விற்பனை ஊகத்தைக் கைவிட்டு, உரிமம் கொடுக்கப் பரிந்துரைத்தேன்” என்பது ஒரு வேலையைச் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வி “ஏன் கைவிட்டீர்கள்?” என்று வரும். அதற்கு இரண்டு நிமிடப் பதில் கையில் இருக்க வேண்டும்.

சென்னையும், நம் பல்கலைக்கழகங்களும்

இந்தியாவில் இதே முறையைக் கொண்டுவந்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கோபாலகிருஷ்ணன்–தேஷ்பாண்டே மையம். 2017இல் தொடங்கிய அம்மையத்தின் ‘ஐ-என்குபேட்’ பயிற்சி ஐ-கோரை அடிப்படையாகக் கொண்டது. பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் குழுவாகச் சேர்ந்து வாடிக்கையாளரைத் தேடிப் போகிறார்கள்.

மற்றப் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெரிய நிதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகள் குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணியைக் கேட்கின்றன. ஆய்வு நெறிமுறைப் பாடமும் அதற்குள் அடக்கம். மீதியில் 2 கிரெடிட் விருப்பப் பாடமாக இதை வைக்கலாம். பத்து வாரம், நான்கு பேர் கொண்ட ஐந்து குழுக்கள், குழுவுக்கு 30 நேர்காணல். ஒரு வகுப்புக்கு மேல் விரிவுரை வேண்டாம். மீதியெல்லாம் குழுக்கள் பேசவும் ஆசிரியர் இடைமறிக்கவும். கண்டுபிடிப்பு இல்லாதவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் காலாவதியாகாத காப்புரிமை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டிகளைத் தேடித் தூரம் போக வேண்டாம்; திருப்பூர் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும், கோவையின் பம்பு ஆலைகளிலும், ஓசூரின் வாகன உதிரிபாக ஆலைகளிலும் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர்கள் நிறைய.

நம்மிடம் வரக்கூடிய சிக்கல் வேறு மாதிரி. ஆலை உரிமையாளரை நேராகப் பார்க்க முடியும், ஆனால் அவர் எதிரில் சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார். இருவரையும் தனித்தனியாகப் பார்க்கத் திட்டமிட வேண்டும். “சார், காலேஜ்ல இருந்து வர்றோம், புராஜெக்ட்” என்று தொடங்கினால் இன்டர்ன்ஷிப் கேட்டு வந்ததாக நினைத்து மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். “உங்க இடிபி (ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர் எந்த மெஷினைப் பத்தி அதிகமா புலம்பறார், அதைத் தெரிஞ்சுக்கணும்” என்று தொடங்கினால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். நூற்றுக்கு 40 நேர்காணல் பதிவுகளுக்கு, 30 ஊகங்கள் எப்படி மாறின என்பதற்கு, 20 பணப்புழக்கத் தாளுக்கு, 10 கடைசி அறிவிப்புக்கு. ‘தொடர்வோம்’ என்றாலும் ‘நிறுத்துவோம்’ என்றாலும் அந்தப் பத்தில் வேறுபாடு இருக்கக் கூடாது. காரணங்கள் பதிவுகளிலிருந்து வருகின்றனவா என்பதற்குத்தான் மதிப்பெண். நெறியாளர்கள் கடைசி வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும், ஆனால் மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கக் கூடாது. தன் கண்டுபிடிப்பைத் தன் மாணவரே ‘விற்காது’ என்று சொல்வதைக் கேட்டு மதிப்பெண் போடும் நிலையில் யாரையும் வைக்க வேண்டாம்.